நாத்தனாரும் நம்பாத கணினியும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் நாத்தனார் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கறுப்புப் பெட்டி. பெட்டியை வாங்குவதற்கு என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். அவள் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அண்ணேன், இத ஒருத்தரும் தொடப்பிடாதாம். கம்பெனிச் சட்டமாக்கும்."

"கேட்டியா பிள்ளே, பெத்த பிள்ளையக்கூட இவ இப்படித் தூக்கல்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் அவர். முகத்தில் பெருமை வழிந்தது. அவருக்கு ஒரே தங்கச்சி. அவள் எது செய்தாலும் பெருமைதான், காப்பியில் உப்பைப் போட்டாலும் பெருமைதான்.

அவளைப் புதுக்கடையில் கட்டிக் கொடுத்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் ஓர் ஆசுபத்திரியில் நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை பார்த்தாள். நல்ல கெட்டிக்காரி என்று பேரெடுத்தாள். பிறகு கல்யாணம், மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை, இரண்டு பிள்ளைகள், மாமியாருக்குக் கால்வலி. பத்துப் பன்னிரண்டு வருஷம் வீட்டோடு போயிற்று. பிள்ளைகள் வளர்ந்து பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு வேலை தேட ஆரம்பித்தாள். போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?

"சும்மா இருந்தேன்னா மைனி சொல்லச் சொல்லுகியோ?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். "காலம்பற எழுந்திரிச்சா ராத்திரி வர உக்கார நேரம் கிடையாது. ஆனா அவங்க கேக்கும்போ, வாயில வேற வார்த்த வரமாட்டேங்கு."

எனக்குக் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவனை ஒரு வாரம் அவள் வீட்டு அடுக்களையில் நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். அதை அவள் இன்டர்வியூவில் சொல்ல முடியுமா? முடியாது. சிரித்துக்கொண்டே வெளியே வருவாள், புதுக்கடை பஸ் ஏறியதும் அழுவாள். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் பஸ்ஸில் இருந்துதான் எனக்குப் போன் செய்வாள்.

அப்படி அலைந்தவளுக்கு ஒரு கம்பெனி வேலை கொடுத்துவிட்டது. வெளிநாட்டு ஆசுபத்திரிகளின் நோயாளி விவரங்களைப் பார்த்துப் பிழை திருத்தும் வேலை, வீட்டில் இருந்தே செய்யலாம். கணினியையும் கூரியரில் அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை பயிற்சி தொடங்கும். காலை பத்து மணிக்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். நுழையாதவர்களின் இடம், காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதைத் தடித்த எழுத்தில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அவள் அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

எங்கள் வீட்டுக்கு வந்ததற்கும் காரணம் உண்டு. புதுக்கடையில் அவள் வீடு சந்திப்புக்குப் பக்கம். பஸ் ஹாரன், மீன்காரரின் ஸ்பீக்கர், துணிக்கடை தள்ளுபடி அறிவிப்பு என்று காலையில் தொடங்கினால் கடை அடைக்கும் வரைக்கும் ஓயாது. கம்பெனியோ, கதவு உள்ள தனி அறை வேண்டும், வேறு ஆள் குரல் கேட்கக் கூடாது, திரையை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. எங்கள் வீடு வயலை ஒட்டிக் கடைசி வீடு. இங்கே இரைச்சல் என்று சொன்னால் அது நான்தான். நான் மயிலாடிக்காரி. நாலு பக்கமும் கல் கொத்தும் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு மெதுவாகப் பேசுவது எப்படி என்று யார் சொல்லித் தந்தார்கள்? பயிற்சி நடக்கும் நேரம் வாயைத் திறப்பதில்லை என்று நாத்தனார் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என் வீட்டுக்காரர் அந்தச் சத்தியத்தை மிகவும் ரசித்தார்.

சாயங்காலம் அவள் அந்தக் கணினியின் குணங்களை எனக்கு விளக்கினாள். திறந்ததும் அது முதலில் தன்னையே சோதித்துக்கொள்ளுமாம். புது அப்டேட் எல்லாம் ஏறியிருக்கிறதா, வைரஸ் காவல் விழித்திருக்கிறதா, யாராவது பென் டிரைவ் சொருகியிருக்கிறார்களா என்று. அது முடிந்ததும் அவள் போனையும் சோதிக்குமாம். போனுக்குப் பூட்டு உண்டா, கண்ட கண்ட ஆப் ஏதாவது இருக்கிறதா என்று. பிறகு போனில் ஓர் எண் வரும், அதைக் கணினியில் அடிக்க வேண்டும். எல்லாம் சரி என்றால் பச்சை. ஒன்று சரியில்லை என்றாலும் சிவப்பு. சிவப்பு வந்தால் நோயாளி விவரமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

"நான் ஆருன்னு பாத்தா மட்டும் போறாதாம் மைனி. எந்த மிஷினில இருந்து வாறேன்னும் பாக்குமாம்."

"அட! பெண்ணு பாக்க வாறவன் மாதிரில்லா இருக்கு. பெண்ணு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கா, குடும்பம் எப்படின்னு அடுத்த வீட்டில போய்க் கேக்கான்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்தப் பூட்டு விஷயத்தில் புதுக்கடையில் ஒரு பெகளமே, ரகளையே நடந்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் பெண்பிள்ளைகளின் போன் என்பது பொதுச்சொத்து. கூடத்தில் கிடக்கும். யாரும் எடுக்கலாம், யாரும் பேசலாம், படம் பார்க்கலாம். நாத்தனாரின் மாமியார் மத்தியானம் சாப்பிட்டதும் அந்தப் போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் படுத்து சீரியல் பார்ப்பார். அதற்கென்று யாரோ அனுப்பிய லிங்கைத் தட்டி ஒரு ஆப்பும் இறக்கி வைத்திருந்தார். கம்பெனி முதலில் கை வைத்தது அந்த ஆப்பில்தான். அதை அழித்தால்தான் பச்சை. அழித்தாள். பிறகு பூட்டும் போட்டாள். மறுநாள் மாமியார் போனை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தாராம்.

"போனுக்கு எதுக்குட்டி பூட்டு? இந்த வீட்டில ஆரு களவாணி?"

கம்பெனிச் சட்டம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் காலுக்குத் தைலம் தேய்க்கப் போய்விட்டார். கெட்ட மனுஷி இல்லை. நாத்தனாருக்கு இரண்டாவது பிரசவத்தில் உடம்பு முடியாமல் போனபோது மூன்று மாதம் இவளைத் தரையில் கால் வைக்க விடாதவர். ஆனால் அந்த வீட்டில் மருமகள் என்று சொன்னால் கூப்பிட்ட குரலுக்கு வரவேண்டிய ஆள். அவளிடம் பூட்டிய சாமான் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குப் புதிது. எப்படியோ, சனிக்கிழமை அங்கே இருந்து ஒருமுறை திறந்து பார்த்தபோது பச்சை வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆட்டோ ஏறி வந்தாள்.

இனி எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. என் வீட்டுக்காரர் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் பதப்படுத்தும் ஆலையில் இருக்கிறார். காலையில் மலைக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குள் பாதி நாள் போய்விடும். அதனால் எங்கள் சுவர்க் கடிகாரம் எப்போதும் கால் மணி நேரம் முன்னால் ஓடும். அவருடைய அப்பா காலத்தில் இருந்தே அப்படித்தானாம். அந்தப் பஸ்ஸில் வேலைக்குப் போனவர்தான் அவரும். இந்த வீட்டில் மணி பார்ப்பது என்றால் கழித்தல் கணக்கு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் கழிக்கத் தெரியாமல் அரிசியை முன்கூட்டியே உலையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அவர் ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைத் துடைத்து, முள்ளைச் சரிபார்த்து, என் போனையும் வாங்கி அதே மணிக்குத் திருப்பி வைப்பார். வீட்டில் ரெண்டு மணி இருந்தால் வீடு உருப்படாது என்பது அவர் கட்சி.

அன்றும் செய்தார். தங்கையைப் பார்த்து, "உன் போனையும் வச்சிரு மக்கா" என்றார். அவள் இந்த வீட்டில் பிறந்தவள்தானே. போன் தானாக எடுத்துக்கொள்ளும் நேரத்தை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துத் தன் போனிலும் அதே மணியை வைத்தாள். "இங்க வந்தா இந்த வீட்டு மணிதான்" என்றாள். நாங்கள் மூன்று பேருக்கும் அது ரொம்ப ஒழுங்கான காரியமாகத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை விடிந்தது. என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டார். எதற்கு என்று கேட்டேன். "தங்கச்சிக்கு மொத நாளுல்லா" என்றார். அவர் இருந்து என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். நான் புட்டும் பயறும் செய்து, மட்டி வாழைப்பழமும் எடுத்து வைத்தேன். நாத்தனார் குளித்து, இஸ்திரி போட்ட சேலை கட்டி, நெற்றியில் சந்தனக் கீற்றும் வைத்து, கல்யாணப் பெண் மாதிரி வந்து நின்றாள். புட்டைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள்.

"இறங்காது மைனி. மனசு வெப்ராளமா, படபடன்னு இருக்கு."

கிழக்கு அறையை ஞாயிற்றுக்கிழமையே காலி செய்து வைத்திருந்தோம். நெல் மூட்டைகளை வெளியே எடுத்துப் போட்டு, பீரோவின் மேல் ஒரு புதுப் போர்வையை விரித்து, மேஜையை ஜன்னலுக்கு எதிராகப் போட்டோம். அவள் உட்கார்ந்தாள், சாமியைக் கும்பிட்டாள், கணினியைத் திறந்தாள். போனில் வந்த எண்ணை அடித்தாள்.

சிவப்பு வந்தது.

திரை முழுவதையும் மூடிக்கொண்டு ஒரு சிவப்புப் பலகை. உங்கள் சாதனம் பாதுகாப்பு நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது, உதவிக்கு இந்த எண்ணை அழைக்கவும். அவ்வளவுதான். எந்த நிபந்தனை, யார் வைத்தது, என்ன குறை என்று ஒரு வார்த்தை கிடையாது. இப்படி மூஞ்சியில் அடித்த மாதிரி பேசும் ஆளை நான் எங்கள் ரேஷன் கடையில்தான் பார்த்திருக்கிறேன்.

"சனிக்கிழம தொறந்துதே!" என்றாள் அவள்.

மறுபடி எண், மறுபடி சிவப்பு. கணினியை அணைத்துத் திறந்தாள். சிவப்பு. போனை அணைத்துத் திறந்தாள். சிவப்பு. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் நெட்டுக்காகக் கேபிள்காரர் இழுத்த வயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். வயரில் ஓர் அணில் உட்கார்ந்திருந்தது, அதை விரட்டிவிட்டு வந்து, "இப்பப் பாரு" என்றார். பார்த்தாள். சிவப்பு. அவள் பிள்ளைகள் போனில் ஏதாவது விளையாட்டு ஏற்றியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். தேடினோம். பழம் வெட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதை அழித்தோம். பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று அவள் யோசித்தாள், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். பழம் வெட்டாமல் ஒரு பிள்ளையும் செத்துப்போகாது. எண்ணை அடித்தாள். சிவப்பு.

"சவம், இதுக்கு என்னதான் வேணுமாம்?" என்று நான் கணினியிடமே கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டிருப்பேன். நாத்தனார் பயந்துபோய், "மைனி, அது கேட்டுக்கிட்டு இருக்கும்" என்றாள்.

உதவி எண்ணுக்கு என் போனில் இருந்து கூப்பிட்டோம். அவள் போனைத் தொட எங்களுக்குப் பயம். ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல், ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சொன்னது. அழுத்தினோம். பாட்டு போட்டது. அந்தப் பாட்டு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாதியில் கட் ஆனது. மறுபடி கூப்பிட்டோம், மறுபடி பாட்டு.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கூடத்துக்கும் அறைக்கும் நடந்தேன். ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்ப்பேன், கால் மணி நேரத்தைக் கழிப்பேன், மறுபடி நடப்பேன். பிறகு பார்த்தபோது கடிகாரம் பத்தேகாலைத் தொட்டிருந்தது. கழித்தால் சரியாகப் பத்து. நாத்தனார் தன் போனைப் பார்த்தாள். அவளும் கழித்தாள். அந்தக் கணக்கை இந்த வீட்டில் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

"போச்சு மைனி" என்றாள்.

அழுகைகூட இல்லை. சேலை முந்தானையால் மேஜையைத் துடைத்தாள், அதில் தூசி ஒன்றும் இல்லை. பிறகு சொன்னாள்: "எத்தன வருஷத்துக்குப் பொறவு ஒருத்தன் நீ வான்னு கூப்பிட்டான். வாசல் வரைக்கும் வந்துட்டேன். இனி அந்த வீட்டில போயி என்னன்னு சொல்லுவேன்? பூட்டு மட்டும் போட்டேன், வேலை கிட்டல்லன்னு சொல்லவா?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். வாசல்படியில் நின்ற அவள் அண்ணனோ முற்றத்துத் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் பாட்டு நின்று, என் போனில் ஒரு பெண் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னாள்.

இருந்த ஆத்திரம் எல்லாம் அவள் மேல் பாய்ந்தது. "இப்ப வந்து என்னத்துக்கு வணக்கம்? பத்து மணி போயாச்சு, எங்க பிள்ளைக்க வேல போயாச்சு, இனி வணக்கம் வச்சா என்ன, வைக்காட்டா என்ன?"

அந்தப் பக்கம் இருந்து தமிழ் வந்தது, கோயம்புத்தூர்த் தமிழ். "அக்கா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. நீங்க மலையாளமுங்களா?"

என் வீட்டுக்காரர் அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். நாத்தனார் என் கையில் இருந்து போனை வாங்கி, ஆசுபத்திரியில் வேலை பார்த்த காலத்துக் குரலில், நடந்ததை வரிசையாகச் சொன்னாள். அந்தப் பெண் ஏதோ தட்டிப் பார்த்தாள்.

"உங்க லேப்டாப் எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க. போன்தான் ஒத்து வரமாட்டேங்குது. போன்ல இப்ப மணி என்ன காட்டுதுன்னு பாருங்க."

"பத்து பதினேழு."

"வீட்டுல வேற கடிகாரம் இருக்குதுங்களா?"

"உண்டும். அதிலயும் பத்து பதினேழுதான்" என்று நான் குறுக்கே புகுந்தேன். "ஆனா கால் மணி கழிச்சிரணும்."

"கழிச்சிரணுமா?"

"ஆமா. எங்க வீட்டுல அப்படித்தான்."

அந்தப் பக்கம் ஒரு சின்ன இருமல். சிரிப்பை விழுங்கிய இருமல் என்பது எனக்குத் தெரியாதா? பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள்: "அக்கா, இப்ப மணி ஒம்பது முப்பத்தேழுதானுங்க. பத்து மணிக்கு இன்னும் நேரம் கெடக்குது."

எனக்குக் கழித்தல் மறந்து போயிற்று. ஒன்பது முப்பத்தேழா? கால் மணி நேரம் முன்னால் ஓடினால் எப்படிப் பத்தேகால் தாண்டும்? நாத்தனார் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி வாசல்படியைப் பார்த்தோம்.

அங்கே நின்றவர் வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். பிறகு மறுபடி அவிழ்த்துக் கட்டினார்.

"இஞ்சேருங்க" என்றேன்.

"இல்ல பிள்ளே... நீங்க ரெண்டு பேரும் கழிச்சுக் கழிச்சு சாவகாசமா நடப்பியள். அந்தக் கால் மணியில ஒரு புண்ணியமும் இல்ல. பிள்ளைக்கு மொத நாளு, பிந்திரப்பிடாதேன்னு, நேத்து தொடைக்கும்போ இன்னும் செத்த நேரம் கூட்டி வச்சேன். சொன்னா அதையும் கழிச்சிருவியள்னு சொல்லல்ல."

அவர் கூட்டி வைத்த அந்தச் செத்த நேரத்துக்குத்தான் நாத்தனாரும் தன் போனைத் திருப்பி வைத்திருந்தாள். எனக்கு அவரை என்ன செய்வது என்றே தெரியவில்லை. "ஒங்க பாசத்தில இடி விழ!" என்று கத்தினேன். நாத்தனார் இப்போதுதான் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், மேஜையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அண்ணேன், அண்ணேன்" என்று மேஜையைத் தட்டினாள்.

கோயம்புத்தூர்ப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு விளக்கினாள். போனில் வரும் அந்த எண் நேரத்தை வைத்துத்தான் உண்டாகுமாம். போன் ஒரு மணியிலும் கம்பெனி வேறு மணியிலும் இருந்தால், யாரோ திருட்டுத்தனம் செய்கிறார்கள் என்று நினைத்து அது கதவை அடைத்துவிடுமாம். நேரம் தானாக மாறும் என்ற இடத்தைப் போனில் தட்டச் சொன்னாள். நாத்தனார் தட்டினாள். எங்கள் கண்முன்னால் போனில் இருந்த மணி பின்னால் போயிற்று. எண் வந்தது. அடித்தாள்.

பச்சை.

"அண்ணன்கிட்ட சொல்லுங்க, எங்க சர்வருக்குக் கழிக்கத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தாள். அவளுக்குப் புண்ணியமாகப் போகட்டும். பேர் கேட்க மறந்துபோனேன். கேட்டிருந்தாலும் மட்டிப்பழம் அனுப்பத்தான் கேட்டிருப்பேன்.

பத்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அண்ணன் கூட்டி வைத்த நேரம்தான், திரும்பக் கிடைத்துவிட்டது. "இனியாவது தின்னு" என்று நான் புட்டைக் கொண்டு வந்தேன். நாத்தனார் பயற்றை ஊற்றிப் பழத்தைப் பிசைந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அவள் அண்ணன் சாயா போட்டுக் கொண்டு வந்தார். இந்த வீட்டில் நான் வந்த பிறகு அவர் போட்ட முதல் சாயா அது. சர்க்கரை அள்ளிப் போட்டிருந்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தோம்.

கை கழுவிவிட்டு வந்து அவள் அறைக்குள் போனாள். வாசலில் நின்று திரும்பி, "இனி ஒருத்தரும் வரப்பிடாது, என்ன?" என்றாள். கொஞ்சம் தயக்கமாகத்தான் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். பகலில் தாழ்ப்பாள் போட்டு இந்த வீட்டில் ஒரு பெண் உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் கதவு ஒன்றும் கோட்டைக் கதவு இல்லை. அந்தப் பக்கம் பேசுவது கூடத்தில் கேட்கும். எல்லாரும் தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த ஆங்கிலத்தைக் கேட்டு என்ன செய்யப்போகிறேன், ஆனாலும் நகராமல் நின்றேன். அவள் முறை வந்தது. பேர் சொன்னாள், ஊர் சொன்னாள், பழைய ஆசுபத்திரியைச் சொன்னாள். பிறகு ஒரு சின்ன நிறுத்தம். அதன்பிறகு அவள் குரல் தெளிவாகக் கேட்டது: பத்துப் பன்னிரண்டு வருஷம் வீட்டைப் பார்த்தேன், பிள்ளைகளை வளர்த்தேன், இன்று வேலைக்கு வந்திருக்கிறேன். அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் புரியும். சும்மா இருந்தேன் என்று அவள் சொல்லவில்லை.

என் கையில் இருந்த போன் அடித்தது. பதறிப்போய் முற்றத்துக்கு ஓடினேன். புதுக்கடையில் இருந்து நாத்தனாரின் மாமியார்.

"மக்கா, அவ போன எடுக்கல்லியே. எனக்க கால் தைலக் குப்பி எங்கன்னு தெரியல்ல. அவகிட்ட போன ஒண்ணு குடு."

என் வாயில் "இன்னா குடுக்கேன் அத்தே" என்றுதான் வந்தது. இத்தனை வருஷமாக வந்த வார்த்தை அதுதான். அடுக்களையில் இருந்தாலும், குளித்துக்கொண்டிருந்தாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும், அவளைக் கேட்டால் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவோம். நான் திரும்பிச் சாத்திய கதவைப் பார்த்தேன். உள்ளே அவள் யாருடைய கேள்விக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அவ வேலையில இருக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். அவளைப் பற்றி அந்த வார்த்தையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கண் நிறைந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தைலம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"உள்ள விட்டுட்டாவளா?" என்று கேட்டார்.

"விட்டுட்டாவ அத்தே."

"அப்பம் கூப்பிடாண்டாம்" என்றார் அந்த அம்மா. "நான் தேடி எடுத்துக்கிடுகேன்."